ஏழாம் அட்டவணை

குப்புராஜைத் தோல் உலர்த்தும் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். வேட்டி நழுவி முழங்காலில் கிடந்தது. மேலுதடு கிழிந்திருந்தது. அடித்தவர்கள் ஏழெட்டுப் பேர். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

தயாளன் பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து தோல் பதனிடும் டேனரியின் கேட்டுக்குள் நுழைந்தபோது அசரியா ஈரமான மாட்டுத்தோல் ஒன்றை முறுக்கிக் கையில் வைத்திருந்தான். இரண்டு கையாலும் ஓங்கிக் குப்புராஜின் விலாவில் இறக்கினான். பெரிய சத்தம் வரவில்லை. குப்புராஜின் வாயிலிருந்து காற்று மட்டும் வெளியே வந்தது.

"என் தம்பி டிரம்முக்குள்ள தலைய வுட்டுகினு கீறான். நீ எங்கடா போன?"

"குழிக்குப் போவச் சொன்னாங்கபா..."

"சொன்னாங்களா? நீயா கேட்டு வாங்கிகினு போன. மேஸ்திரி எல்லாத்தையும் சொல்லிட்டாரு!"

அடுத்த அடி முகத்தில் விழுந்தது. பல் ஒன்று தெறித்துச் சேற்றில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ, "வயசான ஆளுடா" என்றார்கள். சொன்னவன் முன்னால் வரவில்லை.

குப்புராஜின் கண் தயாளனைக் கண்டுகொண்டது. கட்டிய கைகளோடு அவர் முதுகை நிமிர்த்தப் பார்த்தார். கால்களைச் சேர்த்து வைத்தார்.

"வணக்கம் சார்" என்றார்.

தயாளன் நடந்தான். தோள்பையில் நீலக் காலிகோ அட்டை போட்ட ரிப்போர்ட் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு நகரத்தில் வாய்மொழித் தேர்வு. முதலாளியின் ஒரு கையெழுத்து பாக்கி. அது கிடைத்தால் பட்டம்.

*

அந்தப் படிப்பில் அவனைச் சேர்த்துவிட்டவள் அவன் மனைவி தபீதாள். தாம்பரத்துக் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனி ஸ்டோர் ரூமில் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். தன் கையெழுத்திலேயே நிரப்பினாள். வணிக நிர்வாகத்தில் முதுகலை, சிறப்புப் பாடம் உற்பத்தி நிர்வாகம், மூன்று வருஷ மாலை வகுப்பு. எழுபத்தோராம் வருஷம் மேற்குத் தாம்பரத்தில் எம்.பி.ஏ. என்றால் யாருக்கும் விளங்கவில்லை. எதிர்வீட்டுப் புஷ்பம் டீச்சர், "முடிச்சதும் ஊசி போடுவீங்களா தம்பி?" என்று கேட்டார். தபீதாள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தயாளன் ஐந்து பத்து ரயிலைப் பிடித்து வகுப்புக்குப் போனான். அன்றைக்கு வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய பாடம். எல்லாக் குறிப்பும் எடுத்தான். அவன் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவனுக்கு அது கேட்டது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அதன் பிறகு எதுவுமே இறங்கவில்லை. அந்த வருஷம் முதல் வகுப்பு வாங்கினான்.

மூன்றாம் வருஷத்துக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை ஆய்வு செய்து ரிப்போர்ட் தர வேண்டும். பல்லாவரத்தில் டேனரி வைத்திருந்த ஜாபர் சாயபு எழுபத்து நாலு ஏப்ரலில் அவனை வேலைக்கே எடுத்துக்கொண்டார். ஒர்க் ஸ்டடி ஆபீசர் என்று கதவில் பெயர்ப்பலகை வைத்தார்.

"பட்டம் கைக்கு வந்த அன்னிக்கே மேனேஜர் நாற்காலி உங்களுக்குத்தான் தம்பி" என்றார்.

மே மாதம் முழுவதும் தயாளன் ஸ்டாப்வாட்சோடு டிரம் ஷெட்டுக்குப் போனான். தோல் ஊறும் டிரம் ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. படுத்துக் கிடக்கும் மரப் பீப்பாய், வயிற்றில் ஒரு வாசல், உள்ளே முழுக்க மர முளைகள். கூரையடியில் சுழலும் இரும்புத் தண்டிலிருந்து ஒரு தோல் பெல்ட் இறங்கி அதைச் சுற்றுகிறது. பெல்ட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு சக்கரம். ஒன்றில் ஏறினால் டிரம் சுற்றும். மற்றதுக்குத் தள்ளினால் சக்கரம் மட்டும் வெறுமனே ஓடும், டிரம் நிற்கும். தள்ளுவதற்கு ஒரு நீளமான சவுக்குக் கம்பு. கம்பைக் கீழே அழுத்தினால் டிரம் நிற்கும்.

மூன்றாம் நம்பர் டிரம்மில் நாலு பேர். ரிப்போர்ட்டில் பெயர் கிடையாது. ஏ, பி, சி, டி. வாசலுக்குள் இடுப்பு வரை நுழைந்து தோலை இழுத்துப் போடும் ஜெபசீலன் ஏ. இருபத்திரண்டு வயசு. வாய் ஓயாதவன். டி என்பது குப்புராஜ்.

தயாளன் எப்போது போனாலும் குப்புராஜ் கம்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். தோலைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. தயாளன் இருந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரமும் நின்றார்.

"உங்க வேலை என்ன?" என்று தயாளன் ஒருநாள் கேட்டான்.

"இந்தக் கம்பு மேல குந்திகினு இருப்பேன் சார்."

ஷெட்டே சிரித்தது. ஜெபசீலன் டிரம்முக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அண்ணன் குந்தற மாதிரி கலெக்டரு கூடக் குந்த முடியாது சார். பதினெட்டு வருஷ சர்வீசு!" என்றான்.

தயாளன் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டான். ஏழாம் அட்டவணை, ஆள் டி: சும்மா இருக்கும் நேரம் எழுபத்தொரு சதவீதம். பரிந்துரை: டி தேவையில்லை. வாசல் திறந்திருக்கும்போது கம்பை ஒரு கயிற்றுச் சுருக்கில் மாட்டினால் போதும்.

வழிகாட்டிப் பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவன் அந்தப் பக்கத்தை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார்.

"பதினெட்டு வருஷமா ஒருத்தன் நின்னுண்டே சம்பளம் வாங்கறான். முதலாளிக்குத் தெரியலை, மேஸ்திரிக்குத் தெரியலை. வாட்சுக்குத் தெரிஞ்சுது பாருங்கோ!"

அக்டோபரில் கயிறு கட்டினார்கள். குப்புராஜைச் சுண்ணாம்புக் குழிக்கு மாற்றினார்கள். அவர் மேஸ்திரி சௌகத் அலியிடம் போய் ஏதோ முனகினாராம். "படிச்சவரு வாட்ச் வெச்சுப் பாத்துச் சொல்றாரு. உனக்கு இன்னாய்யா தெரியும்?" என்று மேஸ்திரி துரத்திவிட்டார்.

*

நவம்பர் இரண்டாம் வாரம் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தயாளன் மூன்றாம் டிரம் முன்னால் நின்றான். மாற்றத்துக்குப் பிறகான நேரத்தை அளக்க வேண்டும். அதுதான் ரிப்போர்ட்டின் கடைசி அத்தியாயம்.

ஜெபசீலன் வாசலுக்குள் இடுப்பு வரை போனான். தயாளன் வாட்சின் பொத்தானை அழுத்தினான்.

கயிறு நனைந்து இளகியிருந்தது. சுருக்கு நழுவியதை அவன் பார்த்தான். கம்பு மெதுவாக, தூங்கி எழுகிறவன் போல மேலே வந்தது. பெல்ட் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கியது. டிரம் சுற்றியது.

வாசலின் விளிம்பு ஜெபசீலனின் முதுகை மடக்கிக் கீழே கொண்டுபோனது. டிரம்முக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்தச் சாணுக்குள் அவன் போனான். எலும்பு முறியும் சத்தம் பச்சை விறகு முறிவது போல இருந்தது. அலறல் ஒரே ஒரு முறை, அதுவும் பாதி. மறுபக்கம் அவன் கால்கள் மேலே வந்தன, சுற்றின, மறுபடி கீழே போயின. இரண்டாம் சுற்றில் அவனிடமிருந்து சத்தம் இல்லை. ஒரு கை மட்டும் தனியாகத் தரையில் கிடந்தது.

யாரோ மெயின் சுவிட்சை இழுத்தார்கள். டிரம் நின்றது.

தயாளனின் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. பதினாலு விநாடி. டிரம் ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி என்பது அவன் போட்ட நாலாம் அட்டவணை.

சுண்ணாம்புக் குழியிலிருந்து முழங்கால் வரை வெள்ளையாகக் குப்புராஜ் ஓடி வந்தார். கம்பைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். ஆட்கள் அவர் காலில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். மிச்சம் கிடைத்ததை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியை ஆணியடித்தே கொண்டுவந்தார்கள். ஜெபசீலனின் அண்ணன் அசரியா பெட்டியைத் திறக்கச் சொல்லி ஆணிகளை நகத்தால் பிடுங்கினான். நகம் இரண்டு பிய்ந்து வந்தது. நாலு பேர் சேர்ந்து அவனைக் குப்புறத் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார்கள்.

கூட்டத்துக்கு வெளியே, யாருடைய கல்லறையிலோ குப்புராஜ் உட்கார்ந்திருந்தார். தயாளன் அந்தப் பக்கம் திரும்பினான். அவனைக் கண்டதும் அவர் சட்டென்று எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

தயாளனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. ஷெட்டுக்குள் ஆபீசர் நுழைந்தால் அவர் எழுந்துவிடுவார். பதினெட்டு வருஷமாகக் கம்பின் மேல் உட்கார்ந்து பெல்ட்டை நகராமல் பிடித்து வைப்பது அவர் வேலை. ஆபீசருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று அவர் மே மாதம் முழுவதும் எழுந்து நின்றார். கோடையில் பெல்ட் காய்ந்து கிடந்தது. ஆள் எழுந்தாலும் அது இடம் மாறவில்லை. தயாளன் அளந்தது அவர் வேலையை அல்ல, அவர் மரியாதையை. கேட்டபோது அவர் உள்ளதைத்தான் சொல்லியிருந்தார்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு வீட்டில் இருந்தான். கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து பைண்டிங் கொடுத்து வாங்கினான். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வேறு யாருக்கோ தெரிந்தது போல அது தெரிந்தது.

*

ஜாபர் சாயபு ஆபீஸ் அறையின் ஜன்னல்களை மூடியிருந்தார். மூடியும் முற்றத்துச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"குப்புராஜை அடிக்கறாங்க சார்" என்றான் தயாளன்.

"தெரியுது தம்பி. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிருக்கேன். வருவாங்க." அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ரெண்டு அடி விழுந்தா அவங்க ஆத்திரம் அடங்கும். நம்ம பக்கம் திரும்பாது. சௌகத் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

"அவர் கேட்டு வாங்கிட்டுப் போகலை. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். இந்தத் தாளுக்குத் தெரியும்."

ஏழாம் அட்டவணை இருந்த பக்கத்தை அவர் அளவுகோல் வைத்துச் சீராகக் கிழித்தார். மடித்துத் தயாளனின் சட்டைப் பையில் வைத்தார். பேனா எடுத்து, கடைசிப் பக்கத்தில் சான்றொப்பம் போட்டார்.

"நூத்துப் பதினோரு பக்கம் போதும், பட்டம் குடுப்பாங்க. போற வழியில அதக் கிழிச்சுப் போட்டுடுங்க. அதுல உங்க பேரு இருக்கு. அவன் பேரு கூட இல்ல, வெறும் டி."

தயாளன் வெளியே வந்தான். கம்பத்தில் யாரும் இல்லை. கயிறு அறுந்து கிடந்தது. சேற்றில் இழுத்துப்போன தடம் டிரம் ஷெட் வரை போனது. கேட் திறந்திருந்தது. அவன் கேட் பக்கம் நடந்தான்.

ஒரு பெண் குறுக்கே விழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள். குப்புராஜின் மனைவி கிளியம்மாள். பம்மலிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை, மூச்சு இரைத்தது.

"சார், அந்த டிரம்முக்குள்ளயே போடப் போறாங்க சார்! நீ சொன்னா கேப்பாங்க. நீதான சார் குழிக்கு அனுப்பிச்ச? வூட்ல வந்து சொன்னாரு, சாரு சொல்லிட்டாரு, இனிமே குழிதான்னு. ஒரு வார்த்தை சொல்லு சார்!"

அவன் அவள் கையை விலக்கினான். அவள் விடவில்லை. சட்டைப் பை கிழிந்தது. மடித்த தாள் கீழே விழுந்தது. அது என்னவென்று தெரியாமலே அவள் குனிந்து எடுத்து, முந்தானையில் சேற்றைத் துடைத்து, அவனிடம் நீட்டினாள்.

"இந்தா சார், உன் பேப்பரு."

தயாளன் அதை வாங்கினான். ஷெட்டுக்குத் திரும்பினான்.

*

உள்ளே மற்ற டிரம்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவது நின்றிருந்தது, கம்பு கயிற்றுச் சுருக்கில் மாட்டியிருந்தது. குப்புராஜை அதன் வாசல் முன் முழந்தாள் போட வைத்திருந்தார்கள். அசரியா தோல் சீவும் கத்தியை, இரண்டு பக்கமும் பிடி உள்ள அந்த நீளக் கத்தியை, அவர் பிடரியில் வைத்திருந்தான்.

"ஏறுடா உள்ள. அவன் ஏறினானே, அந்த மாதிரி ஏறு."

"அசரியா" என்றான் தயாளன். "அவரை விடு. கம்பிலிருந்து அவரை எடுக்கச் சொன்னது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவன், "சார் நல்லவரு. ஆளக் காப்பாத்தப் பாக்கறாரு" என்றான்.

"வெளிய போ சார்" என்றான் அசரியா. "உனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

தயாளன் தாளைப் பிரித்தான். இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொல்லிக்கொண்டே படித்தான்.

"மூணாம் நம்பர் டிரம். ஆள் டி. நூறு நிமிஷத்துல எழுபத்தோரு நிமிஷம் சும்மா நிக்கறார். டி தேவையில்லை. கம்பைக் கயித்துல மாட்டினால் போதும்." நிறுத்தினான். "கீழே என் கையெழுத்து இருக்கு. டி இவர்தான். மேஸ்திரி சொன்னது பொய்."

கதவோரம் நின்ற சௌகத் அலி பின்னால் நகர்ந்து ஓடினார். விபத்துக்குப் பிறகு மெயின் சுவிட்சுக்கு ஒரு தகரப் பெட்டி செய்து பூட்டியிருந்தார்கள். அதன் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"சும்மாவா?" என்றான் அசரியா. "எங்க குப்புண்ணன் சும்மாவா நின்னாரு?"

கத்தி கீழே விழுந்தது. அவன் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். நெற்றி தயாளனின் மூக்கில் மோதியது. மூக்குத் தண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தமானது. அடுத்து எத்தனை கை, எத்தனை கால் என்று தெரியவில்லை. வலது காதில் விழுந்த அறைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒலி இல்லை. யாரோ அவன் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சின் கயிற்றை முறுக்கினார்கள். கயிறு அறுந்தது. வாட்ச் ஒரு செருப்புக்கடியில் போனது. இடது கை மணிக்கட்டில் ஒருவன் குதித்தான். தயாளன் கத்தவில்லை. எல்லாம் ஒரு சுவருக்கு அப்பால் நடந்தது.

அவனைத் தூக்கி டிரம் வாசலுக்குள் எறிந்தார்கள். உள்ளே கணுக்கால் அளவு மரப்பட்டை ஊறிய தண்ணீர். புளித்த நாற்றம். பலகைக் கதவு வெளியிலிருந்து மூடியது. இருட்டு.

"கயித்த அவுரு!" அசரியாவின் குரல். "வாட்ச் வெச்சுப் பாப்போம், எத்தினி நிமிசம்னு!"

டிரம் அசைந்தது.

முதல் பாதிச் சுற்றில் தயாளன் வழுக்கினான். பிறகு மர முளைகள் அவனை வாரிக்கொண்டு மேலே போயின. உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்தான். ஒரு முளை விலாவில் ஏறியது. இரண்டு எலும்பு போனதை உள்ளுக்குள் கேட்டான். தண்ணீர் மூக்கில் ஏறியது. ஆறு விநாடி. மறுபடி தூக்கியது. மறுபடி விழுந்தான். இந்த முறை தோள்பட்டை. ஜெபசீலனுக்குப் பதினாலு விநாடி. தனக்கு எத்தனை என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது பயம் வந்தது. வயிற்றின் அடியிலிருந்து, சூடாக, நிஜமாக. தபீதாள் போனதிலிருந்து எங்கோ போயிருந்த ஏதோ ஒன்று கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"அம்மா!" என்று கத்தினான். "தபி! தபி!"

டிரம் நின்றது.

வெளியே ஒரே கூச்சல். அடி விழும் சத்தம். கதவுப் பலகையை யாரோ நெம்பினார்கள். வாசல் தரையை ஒட்டிச் சாய்வாக நின்றிருந்தது. பலகை பாதிதான் திறந்தது. தயாளன் தலையையும் ஒரு கையையும் அந்தச் சந்தில் வெளியே நீட்டினான். கால் உள்ளே இரண்டு முளைகளுக்கு நடுவில் சிக்கியிருந்தது. கழுத்துக்கு மேல் டிரம், கழுத்துக்குக் கீழ் சிமெண்ட். ஜெபசீலன் போன அதே சாண்.

அங்கிருந்து அவன் பார்த்தான்.

குப்புராஜ் கம்பின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் கோடாக மார்பில் இறங்கியது. அசரியா சவுக்குக் கட்டை ஒன்றால் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திருண்ணே! அவன் என் தம்பியக் கொன்னவன்ணே! எழுந்திரு!"

"மாட்டம்பா" என்றார் குப்புராஜ். "உள்ள ஆளு கீது."

மறுபடி அடி. அவர் குனிந்து கம்பை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டார். "உள்ள ஆளு இருந்தா எழுந்திருக்க மாட்டேன். உன் தம்பிக்கும் அப்டித்தான குந்தினேன். அஞ்சு வருசம் குந்தினேனே அசரியா."

அசரியாவின் கை அந்தரத்தில் நின்றது. நாலு பேர் அவனைப் பிடித்தார்கள். பிடிக்கவே தேவையிருக்கவில்லை. கட்டை தானாகக் கீழே விழுந்தது. அவன் டிரம் பக்கத்தில், தம்பி விழுந்த இடத்தில், தரையில் முகத்தை வைத்துப் படுத்துவிட்டான். அங்கே தேய்த்துக் கழுவியும் போகாத கறுப்பு ஒன்று இருந்தது.

"மெயினை நிறுத்துங்கடா!"

"பெட்டி பூட்டிகீது! மேஸ்திரி சாவியோட ஓடிட்டான்!"

"ஒடைங்கடா!"

கடப்பாரை தேடி ஓடினார்கள். பெல்ட் வெறும் சக்கரத்தில் சலசலத்து ஓடியது. ஈரத்தில் அது ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் ஒரு விரல் நகர்ந்து, குப்புராஜின் எடை இழுக்க, திரும்பி வந்தது. தயாளன் அதைத் தலைகீழாகப் பார்த்தான். ஒரு விரல் போகும், ஒரு விரல் வரும்.

குப்புராஜின் திறந்திருந்த கண் கீழே இறங்கி அவன் கண்ணைச் சந்தித்தது. அடையாளம் கண்டுகொண்டது. பதினெட்டு வருஷப் பழக்கம் அவர் உடம்பில் எழுந்தது. கால்கள் தரையில் ஊன்றின. இடுப்பு கம்பிலிருந்து எழும்பியது. கம்பு ஓர் அங்குலம் மேலே வந்தது. பெல்ட் பட்டென்று அறைந்தது. டிரம் தயாளனின் கழுத்தின் மேல் அசைந்தது.

"உட்காருங்க!" தயாளன் அலறினான். "ஐயா, உட்காருங்க! எழுந்திருக்காதீங்க!"

அவர் உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தயாளன் அழுதான். நிறுத்த முடியாமல், மூச்சுக்கு விலா குத்தக் குத்த அழுதான். ரத்தமும் சளியும் காதுப் பக்கம் வழிந்தன.

"வலிக்குதா சார்?" என்றார் குப்புராஜ்.

"வலிக்குது."

"பூட்ட ஒடைக்கறாங்க சார். நா எங்கியும் போவல."

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், பின்னால் நாலு கான்ஸ்டபிள், அவர்களுக்குப் பின்னால் ஜாபர் சாயபு. ஷெட்டில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கிளியம்மாள் எழுந்தாள். அசரியாவைக்கூட யாரோ தூக்கி நிறுத்தினார்கள்.

குப்புராஜ் எழுந்திருக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ரத்தத்தைப் பார்த்தார், உடைந்த வாட்சைப் பார்த்தார், ஷெட்டில் உட்கார்ந்திருந்த ஒரே ஆளைப் பார்த்தார். லத்தி உயர்ந்தது.

"யோவ், நான் நிக்கறேன், நீ சும்மா உக்காந்துகினு கீறியா? எழுந்திருய்யா!"

டிரம்முக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவரைத் தொடாதீங்க சார். அவர் வேலையில இருக்கார்."